ஜன்னல் மூடிய பிறகும் நகர்ந்த வரிசை

பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, வாலில்லாத என் பேரன் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுகிறீர்கள், கடிதமாக எழுதுங்கள், தேதி போட்டு எழுதுங்கள் என்றாய். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவனிடம் நீ வேலை பார்க்கும் பொருளாதார இலாகா தகவல் கேட்கிறது. நேற்றிலிருந்து கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறேன். இரண்டு தடவை படித்ததால் மற்றவர்களைவிட எட்டாம் வகுப்பு எனக்கு நன்றாகவே தெரியும்.

சரி, விஷயம். ஜனவரி முப்பத்தொன்று மாலை ஐந்து மணிக்கு மாவுக் கிடங்கின் ஜன்னலை இறக்கிப் பூட்டினேன். இருபத்தொன்பது வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று, கார்டு பார்த்து, மாவு நிறுத்து, பையில் கொட்டினவன். சாவியை இலாகா ஆளிடம் கொடுத்தேன். மேடைத் தராசை மட்டும், "இதை யாரு சுமக்குறது, நீங்களே வச்சுக்குங்க" என்று விட்டுப்போனார். இப்போது அது நம் கூடத்தின் நடுவில், கோபித்துக்கொண்டு வந்த சம்பந்தி மாதிரி நிற்கிறது.

எதிர்ச்சாரியில் மாவுக்கடை திறந்துவிட்டார்கள். கடைக்காரர் வெளியூர்க்காரர், தங்கமானவர். விலை நம் கிடங்கைப்போல் இரண்டு மடங்கு. கேட்டேன். "ஐயா, இனிமே ஆபீசு விலை வைக்காது. வாங்குறவங்களும் நானும் சேந்துதான் வைப்போம். மொதல்ல ஏறும், அப்புறம் தானா எறங்கும். யாரும் தொட வேண்டாம்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பிரார்த்தனைக் கூடத்துக்காரரும், வாங்க முடியாதவர்களுக்குக் கஞ்சி என்று ஓர் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஆக, நீ திட்டத்தில் எழுதிய இரண்டு தூணும், கடையும் கடவுளும், எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டன.

ஒரு சின்ன வேடிக்கை. திங்கட்கிழமை காலை பூட்டிய ஜன்னலுக்கு முன்னால் நாற்பது பேர் பையோடு நின்றார்கள். பழக்கதோஷம். நானே பத்து மணிக்கு அங்கே போய் நின்றேன், யாரைக் குறை சொல்ல!

மாப்பிள்ளையை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்.

அப்பா


பிப்ரவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் பேரனுக்கு மேல் பல் இரண்டு வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், பாதியைத் தின்றுவிட்டான்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை தராசுக்குத்தான் தேய்க்கிறீர்களா?

நம் ஊரை ஏன் கவனிக்கச் சொல்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம்முடையது சோதனை ஊர். இங்கே கிடங்கை மூடியதால் யாருக்கும் தீங்கில்லை என்று தெரிந்தால், ஜூலை கடைசியில் நாடு முழுக்க எல்லாக் கிடங்குகளையும் மூட உத்தரவு வரும். அதுவரை இலாகா ஆட்கள் யாரும் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் சோதனை கெட்டுவிடும். நான் வர முடியாததற்குக் காரணம் அதுதான். கோபிக்காதீர்கள்.

ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறேன். ஒன்பதாம் பிரிவு. கார்டு வைத்திருக்கும் ஒரே ஓர் ஆள், 'எனக்குப் பசிக்கிறது' என்று தன் கார்டு எண்ணோடு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், இரண்டு நாளில் கிடங்கைத் திறந்து மாவு அனுப்பியாக வேண்டும். அந்தப் பிரிவை நான்தான் சண்டை போட்டுச் சேர்த்தேன். இராத்திரி தூங்க வேண்டுமே.

வரிசை பழக்கம்தான். இரண்டு வாரத்தில் கலைந்துவிடும். கவலைப்படாதீர்கள்.

உங்கள் மகள்


மார்ச் 3

அன்பு மகளுக்கு,

இவ்விடம் சுகம். பேரனின் பல்லுக்கு என் ஆசி. கடிதத்தைத் தின்றவன் பெரிய அதிகாரியாக வருவான்.

வரிசை கலையவில்லையே கண்ணு. வளர்ந்துவிட்டது. நேற்று எண்ணினேன், இருநூற்றுப் பத்துப் பேர். ஊரில் இருப்பதே இருநூற்றுப் பதினோரு கார்டு. அதில் ஒன்று என்னுடையது.

எப்படி என்று சொல்கிறேன், உன் கோப்புக்கு உதவும். ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்குகிறார்கள். பேச்சு கிடையாது. முன்பெல்லாம் அந்த வரிசையில் எத்தனை கல்யாணம் நிச்சயமாயிருக்கிறது, எத்தனை சட்டை கிழிந்திருக்கிறது! இப்போது பை உரசுகிற சத்தம் மட்டும். பத்து அடித்ததும் வரிசை நகர்கிறது. ஜன்னலில் என் பூட்டு அப்படியே தொங்குகிறது. முன்னால் இருப்பவர் கார்டை நீட்டுகிறார், பையை வாய் விரித்துப் பிடிக்கிறார், நான் மாவு கொட்ட எவ்வளவு நேரம் எடுப்பேனோ அவ்வளவு நேரம் நிற்கிறார். பிறகு பையைத் தோளில் போட்டு, பாரம் சுமப்பவர் சாய்கிற பக்கம் சாய்ந்து போகிறார்.

சலவைக்கடை அம்மாவை வழிமறித்தேன். அவளைத் தெரியுமே, வாய் திறந்தால் மூட ஆள் தேட வேண்டும்.

"பையில என்னம்மா?"

"குடுத்ததுதான்."

"யாரு குடுத்தா?"

"நல்லா இருக்கே கேள்வி. இத்தனை வருஷமா யாரு குடுத்தது? நீங்களே கேக்குறீங்க!"

"நான் இங்கதானே நிக்கிறேன்?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நிக்கிறீங்கதான்" என்றாள்.

வீட்டுக்குக் கூப்பிட்டு, பையைத் தராசு மேடையில் வைக்கச் சொன்னேன். அது வெறும் பை. மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கும். முள் நாலு கிலோவில் போய் நின்றது. ஒரு கார்டுக்கு வாராவாரம் நான் போடுகிற அளவு. எடுத்தேன், பூஜ்யம். வைத்தேன், நாலு. உள்ளே கையை விட்டேன். தையல்தான் தட்டுப்பட்டது. "பாத்தீங்கள்ல, சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனாள்.

தராசு துருப்பிடித்திருக்கலாம். எனக்கும் கொஞ்சம் துருதான்.

மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் அன்பு.

அப்பா


மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

அனைவரும் நலம். முழங்கால் பற்றி ஒரு வரியும் இல்லையே, குணமாகிவிட்டதா?

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. சோதனை ஊர்களிலேயே மாவு விலை வேகமாக இறங்குவது நம் ஊரில்தான். சென்ற வாரம் அமைச்சரே கூட்டத்தில் குறிப்பிட்டார். இதுவரை புகார் பூஜ்யம். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்க்காரங்க நம்ம நாட்டுக்கே பாடம்" என்றார். உங்கள் கடிதத்திலிருந்து சில வரிகளை அவருக்கு வாசித்தும் காட்டினேன். சம்பந்தி என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்.

தராசை எண்ணெய் போட்டுத் துடையுங்கள். மேடைக்குக் கீழே கல் ஏதாவது சிக்கியிருக்கும்.

வரிசையைப் பற்றி நான் கோப்பில் சேர்க்கவில்லை. சேர்த்தால் என்ன தலைப்பில் சேர்ப்பது என்று தெரியவில்லை. கடையில் கூட்டம் எப்படி?

அன்புடன்,
மகள்


ஏப்ரல் 5

அன்பு மகளுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கடையில் கூட்டமா? ஈ இருக்கிறது. அதுகூட வெளியே போக வழி தெரியாமல் இருக்கிறது. கடைக்காரர் வாராவாரம் விலையை இறக்குகிறார். இப்போது பழைய கிடங்கு விலைக்கும் கீழே வந்துவிட்டது. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எறக்கினா வாங்கணும் ஐயா. அதுதான் விதி. எங்கயும் தப்பினது கெடையாது. இவங்களுக்கு மாவே வேண்டாமா? அப்படின்னா நான் எந்த விலை வைக்கிறது?" பாவம், நல்ல படிப்பாளி.

கஞ்சி அண்டாவிலும் கை வைக்க ஆளில்லை. முதல் வாரம் பத்துப் பேர் வந்தார்கள். இப்போது கூடத்துக்காரர் தினமும் காய்ச்சி, தினமும் சாக்கடையில் ஊற்றுகிறார். ஞாயிறன்று எல்லோர் முன்னாலும், "நம்ம ஊருக்கு அருள் எறங்கியிருக்கு. வெறும் நம்பிக்கையே இவங்களுக்குச் சாப்பாடாயிருக்கு" என்றார். வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். ரொம்ப மெதுவாக ஆட்டினார்கள்.

சைக்கிள் கடைக்காரர் போன வாரம் போய்விட்டார். மூப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவருக்கு நாற்பத்தாறு வயது.

மறுநாள் வரிசையில் அவர் நிற்கிற இடம் அப்படியே இருந்தது. சலவைக்கடை அம்மாவுக்கும் அவளுக்குப் பின்னால் நிற்கிற கொத்தனாருக்கும் நடுவில் ஓர் ஆள் அகலம். யாரும் நெருங்கி நிற்கவில்லை. வரிசை நகர்ந்தபோது அந்த இடைவெளியும் நகர்ந்தது. ஜன்னலுக்கு முன்னால் அதன் முறை வந்ததும், மாவு கொட்டுகிற நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். அப்புறம்தான் கொத்தனார் கார்டை நீட்டினார்.

இப்போதும் இருநூற்றுப் பத்துப் பேர்தான் நிற்கிறார்கள். தையல்காரருக்குப் பிடரியில், முடி ஆரம்பிக்கிற இடத்தில், அரைப் பிறை மாதிரி ஒரு தழும்பு. இத்தனை வருஷப் பழக்கத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். வாராவாரம் கொஞ்சம் மேலே ஏறுகிற மாதிரி இருக்கிறது. அவர் கழுத்து மெலிகிறதோ என்னவோ.

கடிதத்தைத் தின்ன விடாதே, மை நல்லதல்ல.

அப்பா


ஏப்ரல் 12

அப்பா,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

இருபத்தொன்பது வருஷம் நீங்கள் தையல்காரரின் முகத்தைத்தான் பார்த்தீர்கள். நீங்கள் உள்ளே, அவர் வெளியே. இப்போது பிடரித் தழும்பு வாராவாரம் ஏறுவது எப்படித் தெரிகிறது? மார்ச்சில் இருநூற்றுப் பத்துப் பேர் என்றீர்கள். சைக்கிள் கடைக்காரர் போன பிறகும் இருநூற்றுப் பத்து. புதிதாகச் சேர்ந்தது யார்?

அப்பா, நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்? காலையில் என்ன, இரவில் என்ன, பெயரோடு எழுதுங்கள்.

இரயிலில் ஒரு மாவு மூட்டை போட்டிருக்கிறேன். இலாகாவுக்குத் தெரியாது. போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவர்கள் எத்தனை என்று கேட்டுக் கடிதம் போட்டேன். இறப்புப் பதிவு வேறு இலாகாவாம். பதில் வர மூன்று மாதம் ஆகுமாம்.

உடனே பதில் போடுங்கள்.

மகள்


ஜூன் 9

அன்பு மகளுக்கு,

சுகம். உன்னுடைய நாலு கடிதங்களும் வந்தன. பதில் போடக் கூடாது என்றில்லை. தினமும் நாளைக்குப் போடலாம் என்று தோன்றியது. நாளைக்கு என்பதும் வந்துகொண்டே இருந்தது.

கண்டுபிடித்துவிட்டாய். என் மகளா கொக்கா! ஆனால் பெரிய விஷயமில்லை. சும்மா பார்க்கத்தான் போனேன். எட்ட நின்று பார்த்தால் ஒன்றும் புரியவில்லை, கிட்டே போனேன். கிட்டே போனால் பின்னால் ஆள் வந்து நின்றுவிட்டார். வரிசையில் நின்றவன் நடுவில் விலகலாமா? இருபத்தொன்பது வருஷம் அப்படி விலகினவர்களைத் திட்டினவன் நான்.

ஜன்னலில் என்ன பார்த்தேன் என்று கேட்பாய். பூட்டைப் பார்த்தேன். பிறகு பை கனத்தது. அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பெயரோடு எழுதச் சொன்னாய். வயிறு நிறைவாக இருக்கிறது. பெயர் ஞாபகமில்லை. உன் மூட்டை வந்து சேர்ந்தது, ரொம்ப நன்றி. சமையலறை மூலையில் கட்டுப் பிரிக்காமல் இருக்கிறது. எலிகூடக் கிட்டே போகவில்லை. எலிகளும் வரிசைக்குப் போகின்றனவோ என்னவோ.

மாவுக்கடைக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார். கடைசியில் இனாமாகக் கொடுத்துப் பார்த்தார். கடை வாசலில் மூட்டையைப் பிரித்து வைத்துக் கும்பிட்டார். அவரைச் சுற்றிக்கொண்டு வரிசைக்குப் போனார்கள். மீதி மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போது, "நான் எதை நம்பினேனோ அது இந்த ஊர்ல செத்துப்போச்சு ஐயா" என்று அழுதார்.

கூடத்துக்காரர் நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அவர் கண்ணில் தூக்கம் இல்லை.

"முப்பது வருஷமா இதைத்தான் கேட்டு மண்டி போட்டேன். ஜனங்க ரொட்டியை நம்பாம மேல இருக்கறவனை நம்பணும்னு. இப்ப நடக்குது. எனக்குப் பயமா இருக்கு."

"பயம் எதுக்கு? அருள்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அருள்னா முகத்துல தெரியணுமில்ல? போன மாசம் மட்டும் ஒம்பது பேரை அடக்கம் பண்ணியிருக்கேன். தூக்குறதுக்கு நாலு பேர் வேண்டாம்யா. ஒருத்தர் போதும்."

அவர் போன பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. உன்னிடம்தான் சொல்ல முடியும். கிடங்கில் மாவு தீர்ந்துபோன நாட்களில், எல்லோரையும் போகச் சொல்லி நான் கத்தியதே இல்லை. அது மரியாதையில்லை என்று நினைப்பேன். வரிசையை நகரவிட்டு, ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்ததும், முகத்தைப் பார்த்து, "வந்துடும், போயிட்டு வாங்க" என்பேன். அதைக் கேட்கத்தான் இரண்டு மணி நேரம் நிற்பார்கள். கேட்டுவிட்டுத் திருப்தியாகப் போவார்கள். வேறு எந்த ஊரிலும் எவனும் இப்படிச் செய்ததில்லையாம், கிடங்கு ஆய்வாளர் சொல்லிச் சிரிப்பார். ஒன்றுமில்லாததை வாங்கிப் போக இவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவன் உன் அப்பன்தான்.

வரிசையில் இப்போது இருபது இடைவெளிக்கு மேல் இருக்கிறது. நீளம் மட்டும் குறையவில்லை.

அப்பா


ஜூன் 16

அப்பா,

நலம் விசாரிக்க நேரமில்லை.

ஜூலை இருபதாம் தேதி கோப்பு அமைச்சரிடம் போகிறது. புகார் பூஜ்யம் என்றால் கையெழுத்தாகிவிடும். அப்புறம் நாடு முழுக்க. நான் நேற்று மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பை, தராசு, இடைவெளி எல்லாம். அவர் சிரிக்கவில்லை. "உங்க அப்பா எழுதினதைத்தானே வச்சிருக்கோம்? எல்லாக் கடிதத்துலயும் 'சுகம்'னு ஆரம்பிச்சிருக்காரே" என்றார்.

ஆமாம் அப்பா. உங்கள் கடிதங்கள் கோப்பில் இருக்கின்றன. நான்தான் வைத்தேன்.

ஒன்பதாம் பிரிவு ஒன்றுதான் மிச்சம். 'எனக்குப் பசிக்கிறது.' உங்கள் கார்டு எண். கையெழுத்து. வேடிக்கை வேண்டாம், முழங்கால் வேண்டாம், சம்பந்தி வேண்டாம். ஒரே வரி.

மகள்


ஜூன் 27

அன்பு மகளுக்கு,

சுகம் என்று எழுதி, நீ சொன்னது ஞாபகம் வந்து, அடித்திருக்கிறேன். மன்னித்துக்கொள்.

மூன்று நாள் முயற்சி செய்தேன். 'எனக்கு' வரைக்கும் வருகிறது. அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். பசிக்கவில்லையே கண்ணு, எப்படிப் பொய் எழுதுவது? பொய்க் கார்டு கொண்டு வந்தவர்களைப் பிடித்துக் கொடுத்தவன் நான்.

சோதித்துப் பார்க்கலாமென்று என் பையைத் தராசில் வைத்தேன். எட்டு கிலோ. இரண்டு வாரத்து மாவு. சரிதான் என்று பையை இறக்கிவிட்டு நான் ஏறி நின்றேன். முள் அசையவில்லை. இறங்கி, மறுபடி ஏறினேன். குதித்தும் பார்த்தேன், பேரன் பார்த்தால் சிரித்திருப்பான். பூஜ்யம்.

என்னோடு தராசும் ரிட்டையர் ஆகிவிட்டது போலிருக்கிறது.

தையல்காரர் இடமும் காலி. இப்போது எனக்கு முன்னால் ஜன்னல் வரைக்கும் நன்றாகத் தெரிகிறது.

அப்பா


ஜூலை 3

அப்பா,

எனக்கு ஏழு வயது இருக்கும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம். கிடங்கிலேயே வேலை, வீட்டில் மாவு இல்லை. கிடங்கிலிருந்து ஒரு பிடி எடுத்து வர மாட்டீர்கள். தட்டில் இருப்பதை என் பக்கம் தள்ளிவிட்டு, "நான் அங்கயே சாப்பிட்டுட்டேன்டா" என்று சொல்லி, ஏப்பம் விட்டுக் காட்டுவீர்கள். நான் சிரிப்பேன். அப்புறம் படுத்துக்கொண்டு, உங்கள் வயிறு சத்தம் போடுவதை இருட்டில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்கு அப்போதே தெரியும் அப்பா. ஒரு நாள்கூட நான் நம்பியதில்லை. உங்கள் மனசு நோகக் கூடாதென்று நம்புகிற மாதிரி சாப்பிட்டேன்.

இருபதாம் தேதிக்குள் கடிதம் வரவில்லை என்றால், உத்தரவு கிடக்கட்டும், வேலை கிடக்கட்டும், நான் கிளம்பி வருகிறேன். ஆனால் நான் வந்தால் சோதனை கெட்டது என்று ஊரை மட்டும் மாற்றுவார்கள். வேறோர் ஊரில் வேறொரு ஜன்னலை மூடுவார்கள். உங்கள் ஒரு வரி வந்தால்தான் எல்லாம் நிற்கும்.

என்னிடம் சொல்லுங்கள். இலாகாவிடம் வேண்டாம். என்னிடம்.

மகள்


ஜூலை 11

மகளுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரிசைக்குப் போனேன். என் முறை வந்தது. கார்டை நீட்டினேன், பையை விரித்தேன், கனக்க ஆரம்பித்தது. அப்போது, இருட்டில் படுத்துக்கொண்டு நீ கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது நினைவுக்கு வந்தது. பையைக் கீழே போட்டேன். சத்தமே கேட்கவில்லை, துணி விழுந்தால் என்ன சத்தம் கேட்கும்? வரிசைப் பக்கம் திரும்பி நின்றேன். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக எல்லோரையும் பார்த்துக் கத்தினேன்.

"எனக்குப் பசிக்குது."

எனக்குப் பின்னால் நின்றவர் கார்டை நீட்டினார். மறுபடி சொன்னேன். சலவைக்கடை அம்மா தன் பையைத் தோளிலிருந்து இறக்கி, வாயைப் பிரித்து, உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லியே" என்றாள்.

"ஆமாம்மா."

"எத்தனை நாளா?"

"ஜனவரி கடைசியிலேருந்து."

ஓங்கி ஓர் அறை விட்டாள். அறையில் பலமில்லை, காகிதம் பட்ட மாதிரி இருந்தது. பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் அவள் வயிறு. அப்புறம் கொத்தனார் வயிறு. அப்புறம் ஒருவர் விடாமல், தெரு முனை வரைக்கும், கல் ரோட்டில் வண்டி ஓடுகிற மாதிரி ஓடியது. என்னுடையதும் அதில் சேர்ந்துகொண்டது. யாரும் வெட்கப்படவில்லை. ஆறு மாதமாகப் பேசாத ஜனங்கள் ஒரே நேரத்தில் அழவும் ஏசவும் ஆரம்பித்தார்கள். காதுக்குச் சுகமாக இருந்தது.

உன் மூட்டையைப் பிரித்தோம். கூடத்துக்காரர் அண்டாவில் காய்ச்சினார், அருள் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, "மெதுவா குடிங்க, மெதுவா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆளுக்கு ஒரு டம்ளர். அவசரத்தில் பாதி சிந்திவிட்டது.

அதற்குப் பிறகு எழுதினேன். நீ சொன்ன அதே வரி. கார்டு எண் ஒன்று, கையெழுத்து. அதைப் பார்த்துவிட்டுக் கொத்தனார், "எனக்கும் போடணும்" என்றார். கூட நாலு தாள் சேர்த்து, முன்னாலிருந்து பின்னால் கைமாற்றி அனுப்பினோம். பழக்கம் விடவில்லை, எல்லோரும் அவரவர் இடத்தில்தான் நின்றார்கள், இடைவெளிகளோடு. இடைவெளி வந்த இடத்தில் முன்னால் நின்றவர் தாளையும் பேனாவையும் பின்பக்கமாக நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அடுத்தவர் வாங்கிக்கொண்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

தாள்கள் திரும்பி வந்தன. என்னையும் சேர்த்து ஆட்களை எண்ணினேன், நூற்றெண்பத்து நாலு. கையெழுத்தை எண்ணினேன், இருநூற்றுப் பதினொன்று. மூன்று தடவை எண்ணினேன். கூடத்துக்காரரையும் எண்ணச் சொன்னேன்.

யாராவது விளையாடியிருப்பார்கள் என்று உன் மேலதிகாரி சொல்வார். இருபத்தொன்பது வருஷம் இந்தக் கையெழுத்துகளை வாரம் தவறாமல் வாங்கினவன் நான். சைக்கிள் கடைக்காரர் கடைசி எழுத்துக்குக் கீழே இழுக்கிற கோடு எனக்குத் தெரியும். தையல்காரர் முதலில் புள்ளி வைத்துவிட்டுத்தான் எழுத்தே தொடங்குவார். எல்லாம் அவரவர் கை.

தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு நாள் என்று சொல்லியிருக்கிறாய். எண்ணிக்கொண்டிருக்கிறோம். மாவை இருநூற்றுப் பதினோரு கார்டுக்கும் அனுப்பச் சொல். ஒரு பெயரையும் அடிக்க விடாதே.

எனக்குப் பசிக்கிறது, கண்ணு.

அப்பா